முதலில் காயைக் காப்பாற்றுங்கள்: புதிதாக செஸ் ஆடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் என்னிடம் செஸ் கற்க வரும் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எந்த ஓப்பனிங் சார் சொல்லிக்கொடுப்பீர்கள்?” என்பதுதான். முதல் சில மாதங்களுக்கு ஓப்பனிங் என்று, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை என்று, தனியாக எதுவும் கிடையாது என்றால் அவர்கள் முகம் கொஞ்சம் சுருங்கும். பத்தே நகர்வில் வெற்றி என்று யாரோ யூடியூபில் சொன்னதைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்.

ஆனால் புதிதாக ஆடுகிறவர்களின் ஆட்டத்தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதல் ஏழெட்டு நகர்வுகள் மனப்பாடம் செய்ததுபோல் ஒழுங்காக இருக்கும். அதற்குப் பிறகு ஒருவர் குதிரையைச் சும்மா கொடுத்திருப்பார். நாலு நகர்வு தள்ளி மற்றவர் யானையையே கொடுத்திருப்பார். கடைசியாகக் கொடுத்தவர் தோற்றிருப்பார். இந்த நிலையில் ஆட்டத்தை முடிவு செய்வது திட்டமோ ஓப்பனிங்கோ அல்ல. காவல் இல்லாமல் நின்ற காய். அதனால் இந்த வழிகாட்டி வழக்கமான வரிசையில் போகாது. காவல் முதலில், அடுத்து தந்திரங்கள், பிறகு இறுதி ஆட்டம், அதற்கும் பிறகுதான் திட்டம். ஓப்பனிங் கடைசி.

நீலகிரியில் இந்த விளையாட்டுக்கு நேரம் தானாகவே அமைந்துவிடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், உதகைப் பக்கம் கொட்டும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிடித்துக்கொள்ளும். ஆட்சியர் விடுமுறை அறிவித்த நாளில் மின்சாரம் போய், செல்பேசிச் சிக்னலும் போய்விட்டால் வீட்டில் வேலை செய்வது பலகையும் 32 காய்களும் மட்டும்தான். (மழைக்கும் மேசை விளையாட்டுக்கும் இந்த ஊரில் பழைய உறவு உண்டு. ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டது 1882-இல் உதகை கிளப்பில்தான்.)

பலகையும் பெயர்களும்

காய்கள் எப்படி நகரும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் பலகையைத் திருப்பி வைத்து ஆடுகிற வீடுகள் இன்றும் நிறைய இருக்கின்றன. உங்கள் வலது கைப் பக்க மூலைக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்திலும் கறுப்பு ராணி கறுப்புக் கட்டத்திலும் நிற்க வேண்டும்.

வெள்ளைக்காரர் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். கீழிருந்து மேலாகக் கிடைவரிசைகள் 1 முதல் 8 வரை. வெள்ளை ராஜா நிற்பது இ1. கறுப்பு ராஜா நிற்பது இ8. இதை ஒரே நாளில் பழகிவிடலாம். பழகாமல் மேலே படித்தால் தலை சுற்றும். பக்கத்தில் பலகையை வைத்துக்கொண்டு காயை நகர்த்தியபடியே படியுங்கள்.

பெயரில் ஒரு சிறு குழப்பம் உண்டு. மூலைவிட்டத்தில் போகும் காயைச் சிலர் மந்திரி என்கிறார்கள், வேறு சிலர் ராணியையே மந்திரி என்கிறார்கள். வம்பே வேண்டாம் என்று இங்கே பிஷப், ராணி என்றே எழுதுகிறேன்.

முதல் படி: காவல் கணக்கு

சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, பிஷப்புக்கு 3, யானைக்கு 5, ராணிக்கு 9. இந்த மதிப்புகள் விதிப்புத்தகத்தில் இல்லை. ஆடுவோர் அனுபவத்தில் வைத்துக்கொண்ட கணக்கு. ராஜாவுக்கு மதிப்பு போட முடியாது, ஏனென்றால் அது போனால் ஆட்டமே இல்லை.

ஒரு கட்டத்தில் வெட்டு நடக்கும் முன் இரண்டு எண்களைப் பாருங்கள். அந்தக் கட்டத்தைத் தாக்குவது எத்தனை காய், காப்பது எத்தனை காய். தாக்குவது காப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் பொதுவாக வெட்டு லாபம். அதோடு, முதலில் போய் வெட்டுகிற காய் விலை குறைந்ததா என்றும் பார்க்க வேண்டும். மூன்று பேர் தாக்கி இரண்டு பேர் காக்கிற சிப்பாயை ராணியை முதலில் அனுப்பி வெட்டினால் கணக்கு சரியாக இருந்தும் ஆட்டம் போய்விடும்.

ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். இதில் விஷயம் நிறைய இருக்கிறது.

வெள்ளை சிப்பாயை இ4-க்கும், கறுப்பு சிப்பாயை இ5-க்கும் நகர்த்துங்கள். வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வருகிறது. இ5 சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து காக்கிறது. தாக்குவது ஒன்று, காப்பது ஒன்று. இப்போது வெட்டினால் 1 வாங்கி 3 கொடுத்ததாகும். வெள்ளை பிஷப் பி5-க்குப் போகிறது. காவல் காக்கும் குதிரைமேல் கண். கறுப்பு ஏ6-க்கு சிப்பாயை நகர்த்தி ‘என்ன செய்யப் போகிறாய்’ என்று கேட்கிறது. வெள்ளை பிஷப் சி6 குதிரையை வெட்டுகிறது. கறுப்பு டி7 சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது.

காவல் காத்த குதிரை போய்விட்டது. இ5 சிப்பாய் இப்போது அநாதை. வகுப்பில் இந்த இடத்தில் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் பலகைக்குப் போகும்: “வெட்டலாம் சார்!”

வெட்டிப் பாருங்கள். வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டியதும் கறுப்பு ராணி டி8-லிருந்து நேராக டி4-க்கு இறங்குகிறது. டி நெடுவரிசையில் அதன் முன்னே நின்ற சிப்பாய்தான் சி6-க்குப் போய்விட்டதே, வழி திறந்திருக்கிறது. டி4-இல் நின்றுகொண்டு ராணி இ5 குதிரையையும் இ4 சிப்பாயையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. குதிரை எஃப்3-க்குப் பின்வாங்கி ராணியைத் தாக்கினாலும் ராணி இ4 சிப்பாயை செக்குடன் வெட்டிவிடும். சும்மா கிடைத்த சிப்பாய் சும்மாவே திரும்பிப் போனது.

வெட்டுவதற்கு முன் தாக்குபவர், காப்பவர் கணக்கு ஒரு நகர்வுக்கு மட்டும்தான் சரி. வெட்டி முடித்தபிறகு உங்கள் காய் நிற்கும் இடம் என்ன ஆகும், எந்த வழி திறக்கும் என்பதையும் ஒரு நகர்வு கூட்டிப் பார்க்க வேண்டும். அதற்குமேல் பார்ப்பது இப்போதைக்கு வேண்டாம். ஏழு நகர்வு முன்னால் பார்க்கிறேன் என்று சொல்லும் சிறுவர்களை நான் நம்புவதில்லை. ஒரு நகர்வை ஒழுங்காகப் பார்க்கிறவன்தான் போட்டியில் புள்ளி எடுக்கிறான்.

இரண்டாம் படி: நகர்த்தும் முன் இரண்டு கேள்விகள்

எதிராளி நகர்த்தியதும் கேட்க வேண்டிய கேள்வி: இதை ஏன் நகர்த்தினார்? இந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது, இது விலகியதால் பின்னால் எந்தக் காய்க்கு வழி கிடைத்தது, முன்பு இது காத்த எந்தக் காய் இப்போது காவலின்றி நிற்கிறது?

நீங்கள் நகர்த்த நினைத்ததும், காயைத் தொடும் முன், கேட்க வேண்டிய கேள்வி: இதை நான் வைத்தால் அவர் எனக்கு எங்கே செக் வைப்பார், எதை வெட்டுவார், எதை மிரட்டுவார்? இந்த வரிசையிலேயே பாருங்கள். முதலில் செக், பிறகு வெட்டு, பிறகு மிரட்டல். செக் வந்தால் நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதால் அதற்கு முதலிடம்.

மேட்டுப்பாளையம் சாலையில் கொண்டை ஊசி வளைவுக்கு முன் ஹாரன் அடிக்காமல் திரும்பும் ஓட்டுநர் கிடையாது. முந்தைய பத்து வளைவிலும் எதிரே ஒன்றும் வரவில்லை என்பதற்காகப் பதினொன்றாவதில் விட்டுவிட மாட்டார். இந்தக் கேள்வியும் அப்படித்தான், நாற்பது நகர்வு என்றால் நாற்பது தடவை.

சொல்வது எளிது. செய்யவிடாமல் தடுப்பது கை. கண் ஒன்றைப் பார்த்ததும் கை போய்விடுகிறது. போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. காயைச் சரிசெய்ய மட்டும் தொடுவதானால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொட வேண்டும். வீட்டில் ஆடும்போதும் இந்த விதியைத் தளர்த்தாதீர்கள். “தெரியாமல் தொட்டுவிட்டேன் அண்ணா” என்று கெஞ்சும் தங்கைக்கு அண்ணன் விட்டுக்கொடுப்பது பாசம்தான், ஆனால் அது அவளுக்குச் செய்யும் உதவி அல்ல. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். இங்கே டிசம்பர் குளிரில் பிள்ளைகள் சொல்லாமலே அப்படித்தான் உட்காருகிறார்கள். அந்த மாதத்தில் தவறுகளும் குறைவதாக எனக்கு ஓர் எண்ணம்.

மூன்றாம் படி: தந்திரங்கள்

ஃபோர்க், பின் (pin), ஸ்கூவர், திறந்து தாக்குவது, கடைசி வரிசை மேட். இந்த ஐந்தும் கைவந்தால் ஊர்ப் போட்டியில் பாதிப் பேரைத் தாண்டிவிடலாம்.

ஃபோர்க் என்றால் ஒரே காய் இரண்டைத் தாக்குவது. இதில் கெட்டிக்காரக் காய் குதிரை, ஏனென்றால் அது தாக்கும் காய் அதைத் திருப்பித் தாக்க முடியாது, எதிரே இருப்பதும் குதிரையாக இருந்தாலொழிய. தொடக்க ஆட்டக்காரர்கள் அடிக்கடி விழும் இடம் சி7. வெள்ளைக் குதிரை டி5-க்கோ பி5-க்கோ வந்துவிட்டால் உடனே சி7-ஐப் பாருங்கள். கறுப்பு ராஜா இன்னும் இ8-இல், யானை இன்னும் ஏ8-இல், சி7-க்கு ராணியோ வேறு காயோ காவல் இல்லை என்றால் சி7-இல் குதிரை விழும்போது ராஜாவுக்குச் செக், யானைக்கு ஆபத்து. ராஜா விலகும், யானை போகும்.

சிப்பாயும் ஃபோர்க் போடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, இரண்டாவது வெள்ளைக் குதிரை சி3. இப்போது கறுப்பு பிஷப் சி5-க்கு வந்தால் வெள்ளை துணிந்து குதிரையால் இ5 சிப்பாயை வெட்டலாம். கறுப்புக் குதிரை திருப்பி வெட்டும். பார்த்தால் 3 கொடுத்து 1 வாங்கியதுபோல் தெரியும். அடுத்து டி2 சிப்பாய் டி4-க்கு இரண்டு கட்டம் போகிறது. ஒரு பக்கம் இ5 குதிரை, மறுபக்கம் சி5 பிஷப், நடுவே சிப்பாய். இரண்டில் ஒன்று திரும்பக் கிடைக்கும், நடுப்பலகையும் வெள்ளையின் கைக்கு வரும்.

பின் என்றால் முன்னால் நிற்கும் காய் நகர முடியாமல் கட்டுண்டு கிடப்பது. இ நெடுவரிசை திறந்திருக்கிறது, வெள்ளை யானை இ1-இல், கறுப்புக் குதிரை இ5-இல், கறுப்பு ராஜா இ8-இல் என்று வையுங்கள். குதிரை நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் ஆகிவிடும் என்பதால் அது நகரவே கூடாது. கட்டுண்ட காயைக் கண்டால் உடனே வெட்டாதீர்கள், அதன்மேல் இன்னொரு தாக்குதல் சேருங்கள். எஃப்2 சிப்பாய் எஃப்4-க்கு வருகிறது. குதிரைக்கு ஓட வழியில்லை, சிப்பாயிடம் சாகும்.

ஆனால் பின்னால் நிற்பது ராஜா அல்ல, ராணி என்றால் அந்தக் கட்டு முழுக் கட்டு அல்ல. நகரத் தடையில்லை, நகர்ந்தால் ராணி போகும், அவ்வளவுதான். ராணியைக் கொடுத்தும் லாபம் இருந்தால் நகர்த்தலாம். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடிய லெகால் என்பவரின் பெயரால் ஒரு மேட் இதற்காகவே பேர்பெற்றது. இ4, இ5, குதிரை எஃப்3, சிப்பாய் டி6, பிஷப் சி4, கறுப்பு பிஷப் ஜி4-க்கு வந்து எஃப்3 குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டுகிறது. வெள்ளையின் இன்னொரு குதிரை சி3. கறுப்பு யோசிக்காமல் ஜி6. இப்போது வெள்ளைக் குதிரை கட்டை உதறிவிட்டு இ5 சிப்பாயை வெட்டுகிறது! கறுப்பு பிஷப் ஆசையோடு டி1 ராணியை எடுத்துக்கொள்ளும். வெள்ளை பிஷப் எஃப்7-ஐ வெட்டிச் செக், ராஜா இ7-க்குத்தான் போக முடியும், சி3 குதிரை டி5-க்கு வந்து மேட். பலகையில் வைத்துப் பாருங்கள், ராணி இல்லாமல் மூன்று சின்னக் காய்கள் முடித்துவைத்த வேலை அது. கறுப்பு ராணிக்கு ஆசைப்படாமல் குதிரையை டி6 சிப்பாயால் வெட்டினாலோ, வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை வெட்டி ஒரு சிப்பாய் லாபத்தோடு வெளியே வந்துவிடும். பலித்தால் மேட், பலிக்காவிட்டாலும் லாபம் என்று இருப்பதுதான் நல்ல பொறி. பலிக்காவிட்டால் நஷ்டம் என்கிற பொறியைச் சூதாட்டம் என்று சொல்ல வேண்டும்.

ஸ்கூவர் பின்னுக்குத் தலைகீழ். பெரிய காய் முன்னால், சின்னது பின்னால். பெரியது விலகியே ஆக வேண்டும், பின்னால் நின்றது வெட்டுப்படும். யானை ஆட்டத்தில் இதன் அழகான வடிவம் ஒன்று. வெள்ளைச் சிப்பாய் ஏ7-இல், அதன் முன்னே வெள்ளை யானை ஏ8-இல் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கறுப்பு யானை ஏ1-இலிருந்து சிப்பாயைக் கண்காணிக்கிறது. கறுப்பு ராஜா எஃப்7-இல். வெள்ளை யானை எச்8-க்குப் போகிறது. அடுத்து சிப்பாய் ராணியாகும் என்ற மிரட்டல். கறுப்பு யானை ஏ7 சிப்பாயை வெட்டியே தீர வேண்டும். வெள்ளை யானை எச்7-இல் செக். ராஜா விலகினால் அதே வரிசையில் ஏ7-இல் நிற்கும் யானை போயிற்று.

திறந்து தாக்குவது என்பது ஒரு காய் விலக, பின்னால் நிற்கும் காயின் வழி திறந்து அது தாக்குவது. விலகிய காயும் சேர்ந்து செக் வைத்தால் இரட்டைச் செக். அப்போது ராஜா நகர்வதைத் தவிர வேறு பதில் கிடையாது.

கடைசி வரிசை மேட்டுக்கு விளக்கம்கூட வேண்டாம். கறுப்பு ராஜா ஜி8-இல், முன்னே எஃப்7, ஜி7, எச்7 சிப்பாய்கள் அசையாமல் நிற்கின்றன. வெள்ளை யானை இ8-இல் வந்தால் கதை முடிந்தது. காவலுக்கு வைத்த சிப்பாய்களே ராஜாவைச் சிறைவைத்துவிட்டன. பெரிய காய்கள் பலகையில் இருக்கும்வரை நேரம் கிடைக்கும்போது எச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி ஜன்னல் திறந்து வையுங்கள். எதிராளி ஜன்னல் திறக்கவில்லை என்றால் அதை ஒவ்வொரு நகர்விலும் நினைவில் வையுங்கள்.

பயிற்சிக்கு, தினமும் பத்துப் புதிர் போதும். லிச்செஸ் செயலியில் புதிர்கள் இலவசம், விளம்பரமும் கிடையாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பல இடங்களில் சிக்னல் திண்ணைக்கு வந்தால்தான் கிடைக்கும். அங்கே நின்று பத்தையும் நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டு உள்ளே போய்ப் பலகையில் வைத்துப் போடும் ஒரு மாணவி இருக்கிறாள். திரையில் தட்டித் தட்டிப் பார்த்து விடை கண்டுபிடிக்கிறவர்களைவிட அவள் வேகமாக முன்னேறுகிறாள். காரணம் எளிது: தாளில் ஊகித்துத் தட்ட முடியாது, கடைசிவரை யோசித்துத்தான் எழுத வேண்டும்.

நான்காம் படி: இறுதி ஆட்டம்

கூபாவின் காப்பாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்தவர். எல்லாவற்றுக்கும் முன் இறுதி ஆட்டத்தைப் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பலகையில் காய் குறைவாக இருக்கும்போதுதான் ஒவ்வொரு காயின் உண்மையான பலம் தெரியும். நானும் அந்தக் கட்சிதான்.

முதலில் இரண்டு யானைகளை வைத்து மேட் செய்யப் பழகுங்கள். ஒரு யானை ஒரு கிடைவரிசையை அடைத்து நிற்க, மற்றது அடுத்த வரிசையில் செக் வைக்கும். ராஜா ஒரு வரிசை பின்வாங்கும். அடைத்து நின்றது தாண்டிப் போய் அடுத்த செக். ராஜா கிட்டே வந்து யானையைத் தொட வந்தால் அந்த யானையை அதே வரிசையில் மறு ஓரத்துக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு ராணியும் ராஜாவும் சேர்ந்து மேட் செய்வது. இதில் ஒரே அபாயம் ஸ்டேல்மேட். கறுப்பு ராஜா எச்8-இல், உங்கள் ராணி ஜி6-இல், செக் இல்லை, கறுப்புக்கு வேறு காய் இல்லை, நகர்த்த வேண்டியது கறுப்பு. போகக் கட்டமும் இல்லை, செக்கும் இல்லை, ஆட்டம் டிரா. மூலையில் இருக்கும் ராஜாவிலிருந்து குதிரை தாண்டும் தூரத்தில் ராணியை வைக்காதீர்கள் என்று நினைவில் வைத்தால் போதும்.

அடுத்தது ராஜாவும் சிப்பாயும். புதியவர்கள் சிப்பாயை ஓட்டிவிட்டு ராஜாவைப் பின்னால் வரச் சொல்வார்கள். மாற்றிச் செய்யுங்கள். ராஜா முன்னே போய் வழி திறக்க வேண்டும், சிப்பாய் பின்னால் வர வேண்டும். வெள்ளை ராஜா இ6, சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8 என்றால் யார் நகர்த்தினாலும் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளை நகர்த்துவதானால்: ராஜா டி6, கறுப்பு ராஜா டி8, சிப்பாய் இ6, ராஜா இ8, சிப்பாய் இ7, கறுப்பு ராஜா எஃப்7-க்கு விலகியே ஆக வேண்டும், வெள்ளை ராஜா டி7, இனி சிப்பாய் ராணியாவதை யாரும் தடுக்க முடியாது. இதே கணக்கு ஏ, எச் ஓரச் சிப்பாய்களுக்குச் செல்லாது. எதிரி ராஜா அந்த மூலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் டிரா.

இது சிறுவர் பாடம் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். கறுப்புக் காயோடு ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், ஆனால் ஆட்டம் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்வில் டிங் லிரென் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டார், அடுத்த நகர்விலேயே பிஷப்பை டி5-இல் வைத்து பிஷப்புகளையும் மாற்றவைத்தார். மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும். 58-ஆவது நகர்வோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்; 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன். எல்லாக் காய்களையும் மாற்றிவிட்டால் அந்த ஒரு சிப்பாய் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் படி: திட்டம்

மேலே சொன்ன ஆட்டத்திலேயே முதல் திட்டம் இருக்கிறது: காய் அதிகமாக இருந்தால் காய்களை மாற்றுங்கள். சிப்பாயை அல்ல, மற்றக் காய்களை. குறைவாக இருந்தால் மாற்றாதீர்கள். எங்கள் ஊர் வாசகசாலையில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு ஆடுவார். தோற்கும் நிலை வந்தால் ராணியைப் பலகையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் ஒரு பையன், “தாத்தா, ராணியை மாற்றிக்கொள்ளலாமே” என்றான். “உனக்கு யானை அதிகம் இருக்கிறது, நீ கேட்பாய். நான் எதற்கப்பா மாற்ற வேண்டும்?” என்றார். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

காய் சமமாக இருக்கும்போது என்ன செய்வது என்று தெரியவில்லையா? உங்கள் காய்களில் எது வேலையில்லாமல் சும்மா நிற்கிறது என்று பாருங்கள்; அதற்கு ஒரு வேலை கொடுங்கள். பெரும்பாலும் அது யானையாக இருக்கும். சிப்பாய் இல்லாமல் திறந்து கிடக்கும் நெடுவரிசை எங்கே இருக்கிறதோ அங்கே யானையைக் கொண்டு போங்கள். அங்கிருந்து எதிரியின் 7-ஆவது வரிசைக்குள் நுழைந்தால் நகராத சிப்பாய்களையெல்லாம் பக்கவாட்டில் கொறிக்கலாம்.

குதிரைக்கு வேண்டியது சிப்பாய் துரத்த முடியாத இடம். கறுப்பு சி5-க்கும் இ5-க்கும் சிப்பாய்களை நகர்த்திவிட்டால் டி5 கட்டத்தைக் காக்க அந்த இரண்டு சிப்பாய்களுக்கும் இனி வழியில்லை, ஏனென்றால் சிப்பாய் பின்னால் வராது. அங்கே ஒரு வெள்ளைக் குதிரை உட்கார்ந்தால் எதிராளி ஒரு காயைக் கொடுத்தாவது அதை வெளியேற்றத்தான் பார்ப்பார். சிப்பாயை நகர்த்தும் முன் அது விட்டுப்போகும் கட்டங்களை நினையுங்கள்.

பிஷப்புக்கு வேண்டியது திறந்த மூலைவிட்டம். உங்கள் சிப்பாய்கள் எல்லாம் உங்கள் பிஷப் நிற்கும் நிறக் கட்டங்களிலேயே நின்றால் அந்த பிஷப் வெறும் உயரமான சிப்பாய்தான்.

ஒரே நெடுவரிசையில் இரண்டு சிப்பாய், பக்கத்தில் துணையில்லாத தனிச் சிப்பாய் என்று பலவீனங்களைப் பற்றிப் பெரிய புத்தகங்களே இருக்கின்றன. இந்த நிலையில் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். எதிரே தடுக்கச் சிப்பாய் இல்லாத உங்கள் சிப்பாயை மட்டும் பொன்போலப் பாதுகாத்து முன்னே நகர்த்துங்கள்.

ஆறாம் படி: தொடக்கம்

நடுக் கட்டங்களில் ஒரு சிப்பாய். குதிரைகள், பிஷப்புகள் வெளியே. ராஜாவுக்கு கேஸ்லிங், அதாவது ராஜா யானைப் பக்கம் இரண்டு கட்டம் நகர, யானை அதைத் தாண்டி மறுபக்கம் வந்து நிற்பது. யானைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி இடையில் இருப்பதை நகர்த்துவது. ஒரே காயை இரண்டு முறை நகர்த்தாமல் இவ்வளவையும் பத்து நகர்வில் முடித்துவிடலாம். பெயர் வேண்டும் என்றால் இத்தாலிய ஆட்டம்: இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, பிஷப் சி5, பிறகு கேஸ்லிங், டி3. போதும்.

கேஸ்லிங் செய்யும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். ராஜா செக்கில் இருக்கக் கூடாது, எதிரி தாக்கும் கட்டத்தைத் தாண்டக் கூடாது, அங்கே போய் நிற்கவும் கூடாது. ராஜாவும் அந்த யானையும் அதற்கு முன் நகர்ந்திருக்கக் கூடாது. யானை மட்டும் தாக்குதலில் இருந்தால் தடையில்லை; போட்டிகளில் இதற்காகத்தான் நடுவரை அதிகம் கூப்பிடுகிறார்கள்.

நாலு நகர்வு மேட்டுக்கு மருந்தும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பள்ளிப் போட்டியில் முதல் சுற்றிலேயே அழுகை வரும். இ4, இ5, பிஷப் சி4, குதிரை சி6, வெள்ளை ராணி எச்5. ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத எஃப்7 மீதுதான் குறி. பதறி குதிரையை எஃப்6-க்கு நகர்த்தி ராணியைத் துரத்தினால் எஃப்7-இல் ராணி வெட்டி மேட். முதலில் சிப்பாயை ஜி6-க்கு நகர்த்துங்கள். ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி எஃப்7-ஐக் குறி வைக்கும். இப்போது குதிரை எஃப்6. வழி அடைபட்டது, உங்கள் காய்கள் வெளியே வந்துவிட்டன, வெள்ளை ராணி தன் குதிரைக்குரிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த மேட்டால் சில ஆட்டம் ஜெயித்த பிள்ளைகளுக்கு அதை மறக்கவைப்பதுதான் பெரும்பாடு. நான் அதைத் தடுக்கச் சொல்லிக்கொடுப்பேன், போடச் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

ஏழாம் படி: யாரோடு ஆடுவது, எங்கே ஆடுவது

ஆனந்த் ஆட்டம் கற்றது தாயிடம். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வீட்டில் யாருக்காவது காய் நகர்த்தத் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம். 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது ஒலிம்பியாட் நடந்தபிறகு மலையிலும் பலகை வாங்கிய வீடுகள் கூடியிருக்கின்றன. படுகர் ஊர்களான ஹட்டியிலும் லயனிலும் துணைக்கு ஆள் கிடைக்கும்.

போட்டிகளுக்குப் பெரும்பாலும் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும். விடியற்காலை பஸ், வெறும் வயிறு, வளைவுகள். பாதிப் பிள்ளைகள் முதல் சுற்றைக் குமட்டலோடுதான் ஆடுகிறார்கள். முடிந்தால் முதல்நாளே இறங்கி உறவினர் வீட்டில் தங்குங்கள். இல்லையென்றால் கிளம்பும் முன் இரண்டு வர்க்கியும் தேநீரும் மட்டும். இட்லி, தோசையெல்லாம் மேட்டுப்பாளையம் வந்தபிறகு. கீழே வெயிலும் கூடுதல், ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

ஒவ்வொரு ஆட்டத்தையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டு, நேரம் இருந்தால் எதிராளியோடு சேர்ந்தே ஒருமுறை வைத்துப் பாருங்கள். தோற்றவரைவிட ஜெயித்தவர் அங்கே அதிகம் கற்பார். வீட்டுக்கு வந்தபின் கணினியிடம் கேட்கும் முன் சிவப்புப் பேனாவால், காய் முதன்முதலில் சும்மா போன நகர்வை வட்டமிடுங்கள். பக்கத்தில் அது ஃபோர்க்கா, பின்னா, காவல் எண்ணாததா, கடைசி வரிசையா என்று ஒரு சொல் எழுதுங்கள். தாள்களைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் சேருங்கள். தொடர்ந்து வரும் தாள்களில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த வாரப் புதிர்கள் முழுவதும் அந்த வகையில் மட்டும் போடுங்கள்.